முப்பது ராத்திரிக்கு ஒரு சர்டிபிகேட்

ஜூன் 3, திங்கள்

எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மெஷினைக் கொடுத்த ஹேமலதா என்கிற பெண், கூடவே இந்த நோட்டையும் கொடுத்து, "என்ன தொந்தரவு இருந்தாலும் தேதி போட்டு எழுதிட்டு வாங்க அங்கிள், டாக்டர் பாப்பாரு" என்றது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அங்கிள் என்று யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

டாக்டருக்காக: என் பெயர் சென்னியப்பன். பொள்ளாச்சி - வால்பாறை பஸ்ஸில் இருபத்தாறு வருஷமாக டிரைவர். போன மாதம் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்ததில், தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை எனக்கு மூச்சு நின்றுபோகிறதாம். வால்பாறை மலைக்கே நாற்பது கொண்டை ஊசி வளைவுதான்.

இனி ராத்திரியானால் மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க், அதற்கு ஒரு குழாய், அந்தப் பக்கம் காற்றை ஊதித் தள்ளுகிற மெஷின். முப்பது ராத்திரி. அதில் இருபத்தோரு ராத்திரியாவது நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்க வேண்டும். எத்தனை நேரம் போட்டோம் என்று மெஷினே குறித்து வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து டாக்டர் சர்டிபிகேட் தந்தால்தான் டெப்போவில் எனக்கு ஸ்டியரிங். அதுவரை லைட் டூட்டி. அதாவது கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியின் நம்பரை எழுதுவது.

இத்தனையும் எதனால்? ஏப்ரலில் ஒன்பதாவது வளைவில் பஸ்ஸின் முன் மூலை பக்கச் சுவரை லேசாக உரசியது. ஸ்டியரிங் இழுத்தது, அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கண்டக்டர் சாகுல் மேனேஜரிடம் போய் வேறு மாதிரி சொல்லிவிட்டான். பதினோரு வருஷம் ஒரே வண்டியில் போனவன்.

ஜூன் 4, செவ்வாய்

முகத்தின் மேல் யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்தால் காற்று குபுகுபுவென்று வெளியே வருகிறது. மூடினால் உள்ளே போய் வயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது. காலை வரை ஏப்பம். மெஷினில் 1 மணி 10 நிமிடம் என்று காட்டியது.

ஜூன் 5, புதன்

50 நிமிடம்.

ஜூன் 7, வெள்ளி

மூக்குத் தண்டில் தோல் உரிந்து சிவந்துவிட்டது. மயிலாத்தாள் (என் மனைவி) நல்லது செய்வதாக நினைத்து விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். ராத்திரி மாஸ்க் எண்ணெயில் வழுக்கி வழுக்கிக் கண்ணுக்கு ஏறி, இரண்டு கண்ணிலும் காற்று. மலைக்காற்றில் முன் கண்ணாடி இல்லாமல் ஓட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு கத்துக் கத்தினேன்.

"நாந்தானுங் தடவுனேன், தப்பா?" என்றாள்.

"மூக்குக்குத் தடவறதுன்னா தோசைக்கல்லுக்குத் தடவுற மாதிரியா தடவுவே?"

ஹேமலதாவுக்குப் போன் போட்டேன். மாஸ்க் தொடுகிற இடத்தில் எண்ணெய், கிரீம் எதுவும் கூடாதாம். மீசை அடர்த்தியாக இருந்தாலும் காற்று கசியுமாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது. போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

மூக்கு உள்ளே காய்ந்து, சீந்தினால் ரத்தம். 1 மணி 40 நிமிடம்.

ஜூன் 12, புதன்

ஒன்பது ராத்திரி போய்விட்டது. ஒன்றில்கூட இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. எப்போது கழற்றி எறிகிறேன் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. கீழே கிடக்கும், குழாய் புஸ்ஸென்று தரையில் ஊதிக்கொண்டிருக்கும். இனி மிச்சம் இருபத்தொன்று. இருபத்தொன்றும் தேற வேண்டும். ஒரு ராத்திரி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து முப்பது.

கேட்டில் என் நாற்காலியைக் கடந்து என் வண்டி போகிறது. வேறு ஒருவன் ஓட்டுகிறான். இரண்டாவது கியரை எடுக்கும்போது ஒரு முனகல் முனகும், அதற்கு ஆக்சிலேட்டரை ஒரு சொட்டு விட வேண்டும். அது அவனுக்குத் தெரியவில்லை. நம்பரை எழுதிக்கொண்டேன்.

இன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மயிலாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 13, வியாழன்

6 மணி 40 நிமிடம்!

மூன்று தடவை பார்த்தேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன். ஆனால் ஒரு விஷயம். நான் அதைக் கழற்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூச்சு முட்டி, பட்டையைத் தலைக்கு மேலாக இழுத்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். பிறகு எப்படி ஆறு மணி நாற்பது?

ஜூன் 14, வெள்ளி

6 மணி 10 நிமிடம். காலையில் மாஸ்க் ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்தது.

ஹேமலதாவிடம் கேட்டேன். "சில பேரு தூக்கத்துலயே கழட்டுவாங்க அங்கிள், திரும்பத் தூக்கத்துலயே போட்டுக்குவாங்க. பழகிட்டீங்க, கங்கிராட்ஸ்" என்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கப் பட்டையையும் கொக்கியில் மாட்டி, நெற்றியில் பதிகிற ரப்பரைச் சரி பண்ணி, இதெல்லாம் முழித்துக்கொண்டு செய்தாலே எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். தூக்கத்தில் செய்கிற அளவுக்கு நான் என்ன பெரிய சூரனா?

ஜூன் 17, திங்கள்

6 மணி 25. பட்டை ஒவ்வொரு நாளும் காலையில் இறுகியிருக்கிறது. நான் தளர்த்தி வைத்துப் படுக்கிறேன், எழுந்து பார்த்தால் ஒரு சின்னத் தலைக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. வீல் நட்டு கழன்றதா என்று பார்க்கச் சுண்ணாம்பில் கோடு போடுவோமே, அதே மாதிரி பட்டையில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். இன்று காலை கோடு இரண்டு விரல் தள்ளி நிற்கிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மயிலாத்தாளைக் கேட்டேன். "நீங்களே இழுத்துக்கறீங்களோ என்னமோ" என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டாள். சுண்டல் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஜூன் 19, புதன்

கேட்டில் தூங்கிவிட்டேன். பட்டப்பகல், பதினொன்றரை மணி. வால்பாறை வண்டி ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, சாகுலே இறங்கி வந்து தோளைத் தொட்டான்.

"அண்ணா, மெஷினு ஒழுங்காப் போடறீங்களா?"

"ஆறு மணி நேரம் போடறேன். வேணும்னா போய் மேனேஜர்கிட்ட அதையும் சொல்லு" என்றேன். அவன் மூஞ்சி சுண்டிப் போய்விட்டது. சுண்டட்டும்.

ஆனால் ராத்திரி முழுக்கக் காற்று ஊதிவிட்டும் பகலில் எருமை மாதிரித் தூக்கம் ஏன் வருகிறது? முன்பைவிட மோசமாக வருகிறது.

ஜூன் 22, சனி

இன்று சோறு அடிப்பிடித்துவிட்டது. போய்ப் பார்த்தால் மயிலாத்தாள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். "இந்த வியாதி ஒட்டுவாரொட்டியா, உனக்கும் வந்துருச்சா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. மூக்குத் தண்டில் சிவப்பாக ஒரு தழும்பு. ரவிக்கைக்கு ஊக்கு வைத்துத் தைக்கக் கண்ணாடி போட்டுப் போட்டு வந்ததாம். கண்ணாடியைத் தளர்வாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

6 மணி 30.

ஜூன் 26, புதன்

ஒரு வேளை இரண்டு சென்னியப்பன் இருக்கிறோமோ. ஒருவன் கழற்றுகிறான், ஒருவன் மாட்டுகிறான். கழற்றுகிறவனைத்தான் எனக்குத் தெரியும். கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

மீசையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும். டெப்போவில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஜூலை 3, புதன்

முப்பது ராத்திரி முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷினிலிருந்து கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் ஒம்பது நாள் சரியில்லை. அதுக்கப்புறம் அருமை. மூச்சு நிக்கறது மணிக்கு ஒண்ணுகூட இல்லை. இந்த மாதிரி ரிப்போர்ட் நான் பாத்ததே இல்லை. மாஸ்க்ல ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"இல்லீங் சார்."

"காத்து வேகம் இதே இருக்கட்டும். எதையும் மாத்த வேண்டாம். பகல்ல தூக்கம்?"

"இல்லீங் சார்."

இந்த நோட்டைக் கொண்டு போகவில்லை. வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை. இது என் கையெழுத்து, என் நோட்டு. எதற்கு இங்கேயும் பொய் எழுத வேண்டும்?

சர்டிபிகேட் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை 6.50 வால்பாறை வண்டி எனக்கு. மயிலாத்தாளிடம் காட்டியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

ஜூலை 5, வெள்ளி

55 நிமிடம். இது என்ன கண்றாவி?

ஜூலை 6, சனி

1 மணி 5 நிமிடம். மாஸ்க் கீழே கிடந்தது. பட்டை நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பேனாக் கோடு ஒரு நூல்கூட நகரவில்லை. சர்டிபிகேட் வந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது சென்னியப்பன் எங்கே போனான்?

ஜூலை 7, ஞாயிறு

வாரா வாரம் மாஸ்க்கைக் கழுவி வைப்பது மயிலாத்தாள். இன்று நானே கழுவினேன். நாளைக்கு வண்டி எடுக்கப் போகிறோம், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று.

நெற்றியில் பதிகிற ரப்பரைக் கழற்றினேன். அதன் உள்பக்கம் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு. மயிலாத்தாள் வைக்கிற சைஸ்.

அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன?"

"பொட்டுங்."

"பொட்டுன்னு எனக்குத் தெரியாதா? என் மாஸ்க்குக்குள்ள எப்படி வந்துச்சு?"

கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இருவத்தோரு நாளும் நாந்தானுங் போட்டேன்."

அவள் சொல்லச் சொல்ல, நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒம்பது நாளும் போச்சுன்னு அன்னிக்குச் சோத்துத் தட்டை வெச்சுட்டு உக்காந்திருந்தீங்களே. நீங்க வண்டியில்லாம இருந்ததே இல்ல. ராத்திரி பாத்தா நீங்க கழட்டி எறிஞ்சுட்டீங்க, அது தரையில ஊதிட்டுக் கெடக்குது. திரும்ப உங்களுக்கு மாட்டுனா தட்டி விடறீங்க. சரி, ஒரு மூஞ்சிக்குத்தான அது காத்து ஊதோணும், யாரு மூஞ்சியா இருந்தா என்னன்னு நான் போட்டுக்கிட்டேன். விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு ஆணியில மாட்டிருவேன்."

"அடியே, நீ தூங்கி நான் சர்டிபிகேட் வாங்கறதா?"

"நா எங்கீங் தூங்குனேன்?"

"பின்ன?"

"அதைப் போட்டா காதுக்குள்ள காத்துச் சத்தந்தான். நீங்க மூச்சு நிறுத்துனா எனக்குக் கேக்காது. எப்பவுமே உங்க கொறட்டைச் சத்தம் நின்னா நான் உங்களை ஒருக்களிச்சுப் படுக்க வெப்பேன், அப்ப மறுபடி மூச்சு வரும். சத்தம் கேக்காதப்ப எப்படித் தெரியும்? அதனால உங்க நெஞ்சு மேல கையை வெச்சுட்டு முழிச்சுட்டே இருந்தேன்."

"எப்பவுமேன்னா எத்தனை நாளா?"

"பெரியவன் பொறந்த வருசத்துல இருந்துங்."

பெரியவனுக்கு இப்போது இருபத்தெட்டு வயது.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை. கோபம்தான் பழகினது, அதனால் அதையே பட்டேன்.

"நாளைக்கு என் பின்னால அம்பது பேரு ஏறி உக்காருவாங்க. அதை யோசிச்சியா?"

"சாகுல் அண்ணன் கூட வருவாருல்ல, பாத்துக்குவாருன்னு நெனச்சேன்" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

சாகுல் பார்த்துக்கொள்வான். ஏப்ரலில் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஸ்டியரிங் இழுக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு தடவை அப்படி எழுதிவிட்டேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து இறங்கும்போது, பத்தாவது வளைவைத் திருப்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிந்தது என் மடிமேல் குறுக்கே விழுந்து கிடந்த சாகுல். அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். முன்னால் கண்ணாடியில் சாலையைக் காணோம், வெறும் ஆகாயம். பின்னால் ஒரு பொம்பளை "அய்யோ சாமி" என்று கத்திக்கொண்டே இருந்தது. சுவரை உரசி வண்டி நின்றது. உரசாமல் இருந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். இந்த இரண்டு வளைவுக்கு நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தூங்கியிருக்கிறேன்.

இப்போது மத்தியானம் மூன்று மணி. சர்டிபிகேட் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அதில் என் பெயர் போட்டிருக்கிறது. நாளைக்குப் போவதா, வேண்டாமா? போகவில்லையென்றால் அந்த நாற்காலி. ரிட்டயர்மெண்ட் வரைக்கும் அந்த நாற்காலியாகவும் இருக்கலாம். மாஸ்க்கைப் போட்டு இன்று ராத்திரி ஒழுங்காகத் தூங்கிவிட்டால் நாளைக்கு ஓட்டிவிடலாமா? ஒரு ராத்திரி போதுமா? யாரைக் கேட்பது? டாக்டரிடம்தான் பகலில் தூக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே.

காக்கிச் சட்டையை அயர்ன் பண்ணி வைத்திருக்கிறாள். பண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 8, திங்கள்

போனேன்.

மழை. பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். எஸ்டேட்டுக்குத் திரும்புகிறவர்கள், இரண்டு டீச்சர், மடியில் கோழிக்கூடை வைத்த ஒரு அம்மா. சாகுல் டிக்கெட் போட்டு முடித்துவிட்டு முன்னால் வந்தான். மூன்று மாதமாக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"வாங்கண்ணா. உங்க சீட்டுல உங்களைப் பாக்க நல்லாருக்குதுங்ணா" என்றான்.

ஸ்டார்ட் பண்ணினேன். அந்தச் சத்தம் காலிலிருந்து உடம்புக்கு ஏறியது. எத்தனை நாளாயிற்று! ராத்திரி மாஸ்க் 1 மணி 20 நிமிடம்தான் இருந்தது. மயிலாத்தாள் பக்கத்தில் முழித்திருந்தாள், நானும் முழித்திருந்தேன், ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி படுத்திருந்தோம்.

சாகுல் இரண்டு விசில் கொடுத்தான். நான் உள்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. டிரைவரை எதற்குப் பார்க்க வேண்டும், ஓட்டுவான் என்றுதானே ஏறியிருக்கிறார்கள். வைப்பர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொருகியது. மணி ஆறு அம்பத்தைந்து. வண்டி இன்னும் பஸ் ஸ்டாண்டைவிட்டே கிளம்பவில்லை.

மறுபடி இரண்டு விசில். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி மழையில் நின்றேன்.

சாகுல் ஓடி வந்தான். "என்னுங்ணா? வண்டியில ஏதாச்சுங்களா?"

"வண்டி நல்லாருக்குது. டிரைவர் சரியில்ல."

"என்னண்ணா சொல்றீங்க?"

"ஏப்ரல்ல நான் தூங்கிட்டேன் சாகுல். ஸ்டியரிங் இழுக்கல. தூங்கிட்டேன். இன்னிக்கும் தூங்கிருவேன்."

"தெரியுங்ணா" என்றான் மெதுவாக.

"தெரிஞ்சு எதுக்குடா விசில் குடுத்தே?"

"சர்டிபிகேட் இருக்குன்னாங்கண்ணா. சரியாயிடுச்சுன்னு நம்புனேன்."

ஜன்னல் ஜன்னலாகத் தலை எட்டிப் பார்த்தது. "ஏனுங், கெளம்பறதா இல்லீங்களா? நேரமாவுதில்ல" என்று கோழிக்கூடை அம்மா கேட்டது. "வேற டிரைவர் வர்றாருங்க. உங்களை நான் கூட்டிட்டுப் போக முடியாது" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தர் நினைத்ததை வாய்விட்டே சொன்னார். சாகுல் அவரிடம் சண்டைக்குப் போனான். நான்தான் பிடித்து இழுத்தேன்.

வண்டி இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. நான் டெப்போவுக்குப் போய் மேனேஜர் மேஜையில் சர்டிபிகேட்டை வைத்து, இது என்னுடையது இல்லை சார் என்றேன். அவருக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் பிடித்தது. திட்டினார். "சரி, கேட்டுக்குப் போங்க" என்றார். போனேன்.

ஜூலை 10, புதன்

மயிலாத்தாளையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். இந்த நோட்டையும் டாக்டரிடம் கொடுத்தேன். முழுதும் படித்தார். பொட்டு வருகிற இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, உங்களுக்கு நுரையீரல் நல்லாருக்கு. ரிப்போர்ட்டே என்கிட்ட இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரிப்போர்ட் நல்லா இருந்ததால நான் எதையும் மாத்தலை. தொந்தரவு இல்லைன்னும் நீங்க சொன்னீங்க. காத்து வேகம் உங்களுக்கு அதிகம். அதனாலதான் மூச்சு முட்டுது, வயித்துக்குப் போகுது. முப்பது நாளை வீணாக்கிட்டீங்களே" என்றார். தலையாட்டினேன்.

ஹேமலதா வேறு மாஸ்க் மாட்டிப் பார்த்தது. மூக்குக்கு மட்டும் வருகிறது, நெற்றி ரப்பர் கிடையாது. காற்றைக் குறைத்து, முதலில் மெதுவாக ஆரம்பித்துப் பிறகு கூடுகிற மாதிரி வைத்தார்கள். மூக்குப் புண்ணுக்கு மருந்து. "இனிமே அங்கிளைத் தவிர வேற யாருக்கும் கிடையாது" என்று அந்தப் பெண் மயிலாத்தாளிடம் விரலை ஆட்டிச் சொன்னது. இவள், "அய்யோ, எனக்கெதுக்குச் சாமி அந்தக் கருமம், மனுசன் போடுவானா அதை?" என்றாள். ஒரு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

மணி எட்டாகிறது. மயிலாத்தாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுப்ப மனசில்லாமல் பாலை நானே வாங்கிக் காய்ச்சினேன். டெப்போவுக்கு நேரமாகிறது.

முதல் நாள். 3 மணி 20 நிமிடம். நாலுக்குக் குறைவு, கணக்கில் சேராது. ஆனால் போட்டது நான்.